தீயில் சுடாத கால்

போன மாதம் கடலூரில் நான் வேலை பார்த்த பழைய மருத்துவமனைக்குப் போயிருந்தேன். ரிட்டயர்டு ஆனவர்கள் போனால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பென்ஷன் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டு அனுப்பிவிடுவது வழக்கம். இந்த முறை சின்ன நர்ஸ்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சர்க்கரை நோயாளிகளின் கால் நரம்பைப் பார்க்கப் புது மெஷின் வந்திருக்கிறதாம். காலில் வைத்தால் அதிரும், எந்த அளவு அதிர்வில் நோயாளிக்குத் தெரிகிறது என்று எண் காட்டும். "உங்க காலத்துல வெறும் நூலை வச்சா சிஸ்டர் பாத்தீங்க? எப்படின்னு எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார்கள்.

அந்த 'வெறும்' என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் நல்லது, எனக்கு அதோடு பகை ஒன்றும் இல்லை. ஆனால் நோயாளி வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால்தான் அந்த மெஷினும் வேலை செய்யும். நம் ஊரில் அதுதான் கஷ்டம்.

என் பிறப்பு வளர்ப்பையெல்லாம் நீட்டப் போவதில்லை. அப்பா கூலி வேலை பார்த்தவர். சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்தேன், நர்ஸ் பயிற்சி முடித்தேன், பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று சுற்றி வந்தேன். வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில். பாதி ஆயுள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனது. 2004ஆம் வருஷம் என்னைச் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். வயதாகிவிட்டது, ஓரமாக உட்காரட்டும் என்று நினைத்திருப்பார்கள். அங்கே போன முதல் நாளே தெரிந்துவிட்டது, உட்காருகிற கதையெல்லாம் நடக்காது என்று.

ஏனென்றால் அங்கே டாக்டர் சபியா இருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர். அதிகம் பேச மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், யாரையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். நான் மட்டும்தான் அவருக்கு 'ரோசி, வா போ'. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவர் ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டுக் கீழே உட்காருவார். மடியில் ஒரு துண்டை விரித்து, நோயாளியின் காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொள்வார். வயல் சேற்றில் நடந்த கால், செருப்பே காணாத கால், சீழ் பிடித்த கால், எல்லாம் அந்த மடியில்தான். எங்கள் தெருவில் வளர்ந்தவளுக்கு இது சாதாரணக் காட்சி இல்லை. எங்கள் கை பட்டாலே விலகிப் போனவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். முதல் நாள் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நோயாளிகள் பதறிப் போவார்கள். டாக்டரம்மா காலைத் தொடுவதாவது என்று காலை இழுத்துக்கொள்வார்கள். சில பேர் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "கண்ணைக் காட்டுறீங்க, நாக்கை நீட்டுறீங்க. காலு மட்டும் வேற ஆளோடதா?"

அந்த நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கைப்பிடியின் நுனியில் விறைப்பான நைலான் இழை நீட்டிக்கொண்டிருக்கும். கிள்ளையிலிருந்து வரும் மீனவர்கள் அதைப் பார்த்ததும், "இது தூண்டி நரம்புதானே" என்று சிரிப்பார்கள். கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில்தான் வளையும்படி செய்தது. முதலில் நோயாளியின் கையில் வைத்துக் காட்ட வேண்டும், இப்படித்தான் இருக்கும் என்று. பிறகு கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரல் நுனி, விரல்களுக்குக் கீழே உள்ள மேடு, பாதத்தின் ஓரம் என்று ஒவ்வொரு இடமாக, இழை வில் மாதிரி வளைகிற வரை அழுத்தி எடுக்க வேண்டும். காய்ப்பு உள்ள இடத்தில் வைக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது, குத்தக்கூடாது. வரிசை தெரிந்துவிட்டால் நோயாளி ஊகித்துச் சொல்லிவிடுவார் என்பதால், இடத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

நான் அதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன் என்று பெருமையாக இருந்தேன். பார்த்த முக்கால்வாசிப் பேருக்கு நரம்பு நன்றாகவே இருந்தது. ஒரு நாள் டாக்டர் சபியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு பெரியவரின் காலை வாங்கி மடியில் வைத்தார். நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். காலில் வைக்கவே இல்லை. "இப்பத் தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுதும்மா" என்றார் பெரியவர். இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து, "இப்ப?" "நல்லாத் தெரியுதும்மா."

அவர் பொய் சொல்லவில்லை. டாக்டரம்மா இவ்வளவு பாடுபட்டுக் கீழே உட்கார்ந்து கேட்கிறார், தெரியவில்லை என்று சொல்லி அவர் மனதை நோகடிக்கலாமா என்ற மரியாதை. சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று விருந்தில் கேட்டால் சொல்வோமே, அதே பதில். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் கேள்வி கேட்பது நின்றது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பட்டால் மட்டும் சொல்லுங்கள், படாவிட்டால் சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டு நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் எத்தனை பேருக்குக் கால் மரத்துப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

யாருக்கு நரம்பு கெடும், யாருக்குக் கெடாது என்று நீங்கள் கேட்பீர்கள். டாக்டரிடம் ஒரு கேள்வி வரிசை உண்டு, அதை மாற்றவே மாட்டார். எத்தனை வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது என்பதுதான் முதலில். கண்டுபிடித்து இரண்டு வருஷம் என்று சொன்னால், கண்டுபிடிப்பதற்கு முன்னால் எத்தனை வருஷம் இருந்ததோ என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அடுத்தது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி. நம் ஆட்கள் நாளைக்கு டெஸ்ட் என்றால் இன்றைக்குப் பாகற்காய் தின்று, ராத்திரி பட்டினி கிடந்து, காலையில் சிரித்துக்கொண்டே ரத்தம் கொடுப்பார்கள். சராசரி பார்க்கும் டெஸ்டில் தீபாவளி அதிரசம் வரை வெளியே வந்துவிடும். அப்புறம் பிரஷர், கொழுப்பு, எடை. கண்ணும் கிட்னியும் ஏற்கெனவே கெட்டிருக்கிறதா என்பது. பீடி, சிகரெட் உண்டா, தண்ணி போடுவீர்களா என்று ஆண்களிடம் கேட்பார். மனைவி பக்கத்தில் இருந்தால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

கடைசியில் உயரம் அளக்கச் சொல்வார். கால் பார்க்க வந்தவனுக்கு உயரம் எதற்கு, பட்டாளத்துக்கா ஆள் எடுக்கிறோம் என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். நெட்டையான ஆளுக்கு நரம்பும் நீளம், சர்க்கரை முதலில் கெடுப்பது மிக நீளமான நரம்பின் நுனியைத்தான், அதனால்தான் கால்விரலில் ஆரம்பிக்கிறது என்று அவர் விளக்கினார். "வயசையும் உயரத்தையும் நாம ஒண்ணும் பண்ண முடியாது ரோசி. மத்ததுல எல்லாம் கை வைக்கலாம்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என்னை மூர்க்கக்காரி என்று மற்ற நர்ஸ்கள் சொல்ல ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

கலியபெருமாள் எங்களிடம் வந்தது சுனாமிக்குச் சில வருஷங்கள் கழித்து. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமம், அரிசி ஆலையில் வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிவிட்டு, வெயில் ஏற ஏறக் காலாலேயே கிளறிக்கொண்டு நடக்க வேண்டும். உச்சி வெயிலில் இளவட்டங்களே நிழலுக்கு ஓடுகிறபோது இவர் மட்டும் ஆற அமர நடப்பாராம். வாசற்படியில் குனிந்து உள்ளே வருகிற அளவுக்கு நெட்டை ஆள். காதில் பாதி பீடி செருகியிருந்தது. அவராக வரவில்லை, அவர் மனைவி அஞ்சலை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். பாயில் ரத்தமும் நீருமாகக் கறை படிகிறது, கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறார் என்று அந்த அம்மாள் முறையிட்டார்.

வலது காலில், கட்டைவிரலுக்குக் கீழே, காசு கனத்துக்குக் காய்ப்பு. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு துளை. நான் காய்ப்பைப் பிளேடால் மெல்ல மெல்லச் சீவிக்கொண்டே வந்தேன். உள்ளே குழி விரிந்துகொண்டே போனது. சுத்தம் செய்தபோது இடுக்கியில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தால் ஒரு நெல். முழு நெல், ஊறி உப்பிப் போய். அதை உள்ளே வைத்துக்கொண்டு அந்த மனிதர் எத்தனை நாள் களத்தில் நடந்தாரோ. நான் சீவுகிற நேரமெல்லாம் அவர் ஜன்னல் வழியாக பஸ்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சலைதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி நூலை வைத்தார். இரண்டு பாதத்திலும் எல்லா இடமும் பார்த்து முடித்தாயிற்று. கலியபெருமாள் வாயே திறக்கவில்லை. கண்ணைத் திறக்கச் சொன்னதும், இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னோம். பல வருஷமாகக் கவனிக்காத சர்க்கரை, பீடி, சாயங்காலக் குடி, அந்த உயரம், எல்லாம் சேர்ந்து கால் நரம்பு போய்விட்டது, இனி அது முழுசாகத் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், புண்ணை ஆற்றலாம் என்று டாக்டர் நிதானமாக விளக்கினார். கலியபெருமாள் கொஞ்சமும் கலங்கவில்லை. சிரித்தார்.

"தீயிலயே சுடாத காலும்மா இது. உங்க நூலுக்கா தெரியப்போவுது?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் வருஷாவருஷம் தீமிதி. கரகத்தோடு பூசாரி இறங்கியதும் அடுத்து இறங்குகிறவர் கலியபெருமாள். இளவயதில் ஓட்டமாக ஓடிக் கடந்தவர், இப்போது சில வருஷமாக நெருப்பில் நடந்தே போகிறாராம், நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறாராம். ஊரே வாயைப் பிளந்து பார்க்கிறது. அம்மன் அவர் காலைக் குளிர வைத்துவிட்டாள் என்று அவரிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொள்கிறார்கள். களத்தில் கூலி வேலை செய்கிற மனிதருக்கு ஊரில் கிடைத்த ஒரே பெருமை அது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த அறையிலேயே ஏதாவது சொல்லியிருப்பேன். டாக்டர் என் முழங்கையைத் தொட்டார். அவர்கள் போன பிறகு சொன்னார்: "நீ சர்ச்சுக்குப் போறவ, நான் தொழுவுறவ. நாம ரெண்டு பேரும் அவங்க அம்மனைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. காலைப் பத்தி மட்டும் பேசணும்." பிறகு, இந்தக் காலோடு இன்னொரு தரம் தீயில் நின்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும் என்றார். அதையும் அதே குரலில்தான் சொன்னார்.

புண் ஆற மாதக்கணக்கில் ஆனது. பாதத்தில் பாரம் விழாதபடி கட்டுப் போட்டோம், களத்து வேலையை நிறுத்தி ஆலையிலேயே மூட்டை எண்ணும் இடத்துக்கு மாற்றச் சொன்னோம், இன்சுலின் போடச் சொல்லிக் கொடுத்தேன். பீடியை விட்டார். குடியை விட்டேன் என்றார், அஞ்சலை பின்னால் நின்று இல்லை என்று தலையை ஆட்டிக்காட்டினார், பிறகு குறைந்தது. இதெல்லாம் கேட்ட மனிதர் தீமிதி என்றால் மட்டும் கல்லாகிவிடுவார். இறங்கக்கூடாது என்று சொன்னால் பேச்சை மாற்றுவார். தீமிதி நடக்கும் சித்திரை நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. ஆறிய தோல் இன்னும் வெங்காயச் சருகு கனம்தான் இருந்தது. அந்தக் காலை விட்டுக்கொடுப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

காப்புக் கட்டும் நாளன்று அந்த ஊரில் கால் பரிசோதனை முகாம் போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். வேண்டுதல்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், அவரவர் காலைப் பார்த்துச் சொல்வோம், அவ்வளவுதான் என்றேன். ஊர் ஒப்புக்கொண்டால் வருகிறேன் என்றார். ஊரை ஒப்புக்கொள்ள வைத்தது அஞ்சலை. பூசாரி தணிகாசலம் கலியபெருமாளுக்கு மாமா முறை. அந்த அம்மாள் அவர் வீட்டுக்கே போய், நீங்கள் முதலில் காலைக் காட்டினால்தான் மற்றவர்கள் காட்டுவார்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டார்.

கோயிலுக்கு எதிரே பந்தல். டாக்டர் குட்டை ஸ்டூலைக் கையோடு கொண்டு வந்திருந்தார். முக்காடு போட்ட டாக்டரம்மா பூசாரியின் காலை எடுத்து மடியில் வைத்ததும் கூட்டம் சலசலத்து அடங்கியது. பூசாரி சங்கடத்தில் நெளிந்தார். கண்ணை மூடினார். நூல் பட்டதோ இல்லையோ, "தெரியுது" என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் அப்படியே. அறுபது வயதிலும் கால் நரம்பு முறுக்காக இருந்தது.

பக்கத்தில் நின்ற கலியபெருமாளும் சிரித்தார். "என்னா மாமா, இதுக்கே இப்படித் துள்ளுறீங்க? தீயில எப்படி நடக்கிறீங்க?" என்று கேலியாகக் கேட்டார்.

பூசாரி வேட்டியைச் சரிசெய்துகொண்டே, அதில் என்ன ரகசியம் என்பது போலச் சொன்னார்: "சுடும் மாப்ள. எனக்கு வருசாவருசம் சுடும். சுடும்னு தெரிஞ்சிதான எறங்குறோம், அதான வேண்டுதலு?" பிறகு அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். மருமகனை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்பலேர்ந்து சுடல?"

கலியபெருமாள் குனிந்து தன் காலைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். காப்புக் கட்ட வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கலியபெருமாள் வரிசையில் நிற்கவும் இல்லை, போகவும் இல்லை. கடைசியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார். அஞ்சலை பின்னாலேயே ஓடினார். என்ன முடிவு எடுத்தார் என்று தெரியாமலே நாங்கள் பஸ் ஏறினோம். அன்று காப்புக் கட்டியவர்களில் அவர் இல்லை என்றாலும், நேர்ந்துகொண்டவர்கள் கடைசி நேரத்தில் இறங்குவதும் உண்டு என்று யாரோ சொன்னார்கள்.

தீமிதி அன்று டாக்டருக்கு வேலை. நான் லீவு போட்டுவிட்டு, புண்ணுக்குக் கட்டுப் போடும் சாமான் பையோடு தனியாகப் போனேன். சாயங்காலம். குழியில் கட்டைகள் எரிந்து தணலாகி, அதை நீளக் கழிகளால் தட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. கலியபெருமாள் குழியின் ஓரத்தில் நின்றிருந்தார், மஞ்சள் வேட்டி, மேலே சட்டை இல்லை. கூட்டத்தில் முண்டியடித்து முன்னால் போனேன். பூசாரி கரகத்தோடு இறங்கிக் கடந்துவிட்டார். பழக்கப்படி எல்லோருடைய கண்ணும் இவர் மேல். இறங்கு, இறங்கு என்று இரண்டு பக்கமும் குரல்.

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பம்பைக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார். கொட்டு நின்றது.

"எனக்குக் காலு செத்துப் போச்சு. நாலஞ்சி வருசமாவே செத்துப் போச்சு, அம்மன் பண்ணதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். சுடுறவங்க எறங்குங்க. சுடலன்னா எறங்காதீங்க, நர்சம்மாகிட்டக் காலைக் காட்டுங்க."

சொல்லிவிட்டு வழியை விட்டு ஒதுங்கி நின்றார். ஊருக்கு முன்னால் தன் பெருமையைத் தானே கழற்றி வைத்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு ஒருவன் கும்பிட்டுவிட்டு, ஆ ஊ என்று கத்திக்கொண்டு தணலில் ஓடினான். கொட்டு மறுபடி தொடங்கியது. இரண்டு பேர் வரிசையிலிருந்து விலகி, யாரும் பார்க்காத மாதிரி என் பக்கம் வந்து நின்றார்கள்.

அப்போதுதான் கவனித்தேன், கலியபெருமாள் குழியின் விளிம்பில், சிதறிய தணலுக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார வைத்தேன். அவர் கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, சேலையை இழுத்து மடியில் பரப்பி, அவர் வலது காலைத் தூக்கி வைத்துத் தண்ணீர் ஊற்றிச் சாம்பலைக் கழுவினேன். உள்ளங்காலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன்.

அவர் குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டார்.

முழுசாக இருக்கிறது என்றேன். அடுத்த காலைக் காட்டச் சொன்னேன்.